ஏசி அறையில் ஈரப்பதம் 38%: கலாத்தியா இலையெல்லாம் சுருண்டு போகிறது, வழி சொல்லுங்கள்

மடிப்பாக்கம் மாடி | மே 8, இரவு 10:15

வணக்கம். மாடியில் நிழல்வலைக்குக் கீழே வளர்த்த இலைச்செடிகளைக் கத்திரி தொடங்கியதும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன். போன வருடம் வெளியிலேயே விட்டதில் பாதி ஆந்தூரியம் வெந்து போனது. இந்த வருடமும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் பின்பக்க அறையைச் செடிகளுக்கே ஒதுக்கினேன்.

அறை 10க்கு 12 அடி, உயரம் 9. மேற்குச் சுவர், மதியம் இரண்டு மணிக்கு மேல் அதில் கை வைக்க முடியாது. இரும்பு ரேக் இரண்டு, எல்இடி ட்யூப் எட்டு, 1.5 டன் ஏசி 24-ல் ஓடுகிறது. மொத்தம் 60 தொட்டி, படம் இணைத்திருக்கிறேன். கலாத்தியா, ஆந்தூரியம், பெரணி ஒரு பக்கம். அக்லோனிமா, மணிபிளான்ட், பாம்புச்செடி மறுபக்கம். தெரிந்தவர்களுக்கு விற்கிறேன், அதனால் இலை அழகாக இருந்தே ஆகவேண்டும்.

வெளியே ஈரப்பதம் 70க்கு மேல். உள்ளே மீட்டர் 38 காட்டுகிறது. கலாத்தியா இலைகள் பகலிலேயே குழாய் மாதிரி சுருள்கின்றன, ஓரம் காய்ந்து பழுப்பாகிறது. பெரணியைத் தொட்டாலே நொறுங்குகிறது. அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி வைத்தேன். 4 லிட்டர் டேங்க், இரவு பத்து மணிக்கு நிரப்பினால் விடிவதற்குள் காலி. ஆனாலும் மீட்டர் 46-ஐத் தாண்டுவதே இல்லை. போதாக்குறைக்கு இலை மேலெல்லாம் திருநீறு பூசின மாதிரி வெள்ளைப் படலம்.

இன்னொரு ஹியூமிடிஃபையர் வாங்கினால் சரியாகுமா? சென்னையில் உட்கார்ந்துகொண்டு காற்றில் ஈரம் போதவில்லை என்றால் வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பச்சை விரல் | மே 8, இரவு 10:52

அக்கா, இன்னொன்று வாங்க வேண்டாம். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, தொட்டியை அதன் மேல் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை ஸ்ப்ரே பண்ணுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தாம்பரம் ஆர்கிட் | மே 8, இரவு 11:20

கூழாங்கல் தட்டு நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு நேர் மேலே ஒரு விரல் உயரத்தில் கொஞ்சம் ஏறும், இலை இருக்கும் உயரத்தில் மீட்டர் அசையாது. ஸ்ப்ரேயும் அப்படியே, பத்து நிமிடத்தில் பழைய எண்ணுக்கே வந்துவிடும். அதற்குள் கலாத்தியா இலை இடுக்கில் தண்ணீர் நின்று கரும்புள்ளி விழ ஆரம்பித்துவிடும். ஏசி இல்லாத அறையில் பச்சை விரல் செய்வது ஓரளவு உதவலாம். ஏசி ஓடும் அறையில் உதவாது.

மடிப்பாக்கம் அக்கா, ஒரு சந்தேகம். கலாத்தியா ராத்திரியில் இலையைத் தூக்கி மடிப்பது அதன் இயல்பு. அது இல்லையே? பகலில் சுருள்கிறது என்கிறீர்கள், அப்படியானால் அது தாகம்தான்.

மடிப்பாக்கம் மாடி | மே 8, இரவு 11:31

பகலில்தான். மதியம் மூன்று மணிக்குப் பார்த்தால் சுருட்டு மாதிரி இருக்கிறது. மண்ணில் விரல் விட்டால் ஈரம் இருக்கிறது.

காயில் வேலை | மே 9, காலை 6:40

மேடம், நான் ஏசி சர்வீஸ் வேலை பார்க்கிறவன். வீட்டில் செடியும் வளர்க்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அறையில் இரண்டு மெஷின் ஓடுகிறது. ஒன்று தண்ணீரைக் காற்றில் விடுகிறது. இன்னொன்று அதே தண்ணீரைக் காற்றிலிருந்து பிடுங்கி டிரெயின் பைப் வழியாக வெளியே கொட்டுகிறது. பிடுங்குகிற மெஷின்தான் பெரியது. உள் யூனிட்டில் இருக்கிற காயில், அதாவது குளிர்ந்த குழாய்ச் சுருள், சுமார் 10, 12 டிகிரியில் இருக்கும். ஐஸ் வாட்டர் ஊற்றின டம்ளருக்கு வெளியே வியர்க்கிறது இல்லையா, அதேதான் அங்கே நடக்கிறது. அறைக் காற்று திரும்பத் திரும்ப அந்தக் காயில் மேல் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஈரம் கழன்று விழுகிறது.

இன்னொரு ஹியூமிடிஃபையர் வைத்தால் டிரெயின் பைப்பில் இன்னும் அதிகமாகத் தண்ணீர் வரும், அவ்வளவுதான். கரண்ட் பில்லும் ஏறும். தண்ணீரை ஆவியிலிருந்து திரும்பத் தண்ணீராக்குவதும் கம்ப்ரசருக்கு வேலைதான்.

சந்தேகமாக இருந்தால் டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு வாளி வைத்துப் பாருங்கள். ஒரு ராத்திரி ஹியூமிடிஃபையர் போடாமல், ஒரு ராத்திரி போட்டு. அப்புறம் ஏசி எந்த மோடில் ஓடுகிறது, ஃபேன் ஸ்பீடு என்ன என்றும் சொல்லுங்கள்.

ஓய்வு ஆசிரியர் | மே 9, காலை 9:05

காயில் வேலை தம்பி சொன்னது முழுக்க சரி. அதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நான் முப்பது வருடம் இயற்பியல் நடத்தினவன், எண் இல்லாமல் எனக்கு நிம்மதி வராது.

24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் ஏறக்குறைய 22 கிராம் நீராவி தாங்கும். 10 டிகிரியில் 9.4 கிராம்தான். காயிலைத் தொட்டு 10 டிகிரிக்குக் குளிர்ந்த காற்று 9.4 கிராமோடு வெளியே வருகிறது, அறையில் கலந்து 24 டிகிரிக்குச் சூடாகிறது. 9.4-ஐ 22-ஆல் வகுத்தால் 43%. ஏசி நிற்காமல் ஓடினால் அறை அந்த எண்ணில் போய்த்தான் நிற்கும். வெளியே 70 இருந்தாலும் 90 இருந்தாலும் அதில் பெரிய மாற்றம் வராது.

உங்கள் அறை சுமார் 30 கன மீட்டர். 40 சதவீதத்திலிருந்து 65க்கு ஏற்ற எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா அம்மா? 165 கிராம். ஒரு டம்ளர். நீங்கள் ஒரு ராத்திரிக்கு 4 லிட்டர் விட்டும் ஏறவில்லை என்றால் ஈரம் எங்கே போகிறது என்றுதான் பார்க்க வேண்டும், எவ்வளவு விடுவது என்று யோசித்துப் பயனில்லை.

இன்னொன்று. 43 வர வேண்டிய இடத்தில் 38 வருகிறது. உங்கள் மீட்டர் மேல் எனக்குச் சந்தேகம். கல் உப்பை ஒரு பாட்டில் மூடியில் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்து போகக் கூடாது. அதையும் மீட்டரையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் பத்து மணி நேரம் வையுங்கள். ஈர உப்புக்கு மேலே இருக்கும் காற்று 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் காட்டுவதற்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம்தான் அதன் பிழை.

மடிப்பாக்கம் மாடி | மே 11, காலை 7:20

வாளி வைத்துப் பார்த்துவிட்டேன். இரவு 10 முதல் காலை 6 வரை, ஹியூமிடிஃபையர் இல்லாமல் இரண்டே கால் லிட்டர். போட்ட ராத்திரி ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. நான் ஊற்றின 4 லிட்டரும் அப்படியே வாளியில் திரும்பி வந்து நிற்கிறது! அளந்து பார்த்துவிட்டு வாளிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உப்புச் சோதனையும் ஆனது. மீட்டர் 70 காட்டியது. அப்படியென்றால் 5 குறைத்துக் காட்டுகிறது. என் அறை 38 இல்லை, 43. சார் சொன்ன அதே எண்.

ஏசி டிரை மோடில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் மிச்சம் ஆகும் என்று யாரோ சொன்னதை நம்பி வைத்தேன். ஃபேன் லோ.

காயில் வேலை | மே 11, காலை 8:02

அதுதான் மேடம். டிரை மோட் என்றால் ஈரத்தை எடுப்பதற்கென்றே உள்ள மோட். ஃபேன் மெதுவாகச் சுற்றும், காற்று காயிலில் அதிக நேரம் நிற்கும், நிறைய ஈரம் கழலும். மழைக்காலத்தில் அது நல்லது, உங்களுக்கு நேர் எதிர்.

கூல் மோடுக்கு மாற்றுங்கள். ஃபேன் ஹை. காற்று வேகமாகப் போனால் காயில் அவ்வளவு ஜில்லென்று ஆகாது, குளிர்ச்சி கிடைக்கும், ஈரம் குறைவாகத்தான் விழும். 24 வேண்டாம், 26-க்கு ஏற்றுங்கள். இது எல்லாமே வெப்பநாட்டுச் செடி, 24 மனுஷனுக்குத்தான் வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டியோ நிழல்வலையோ கட்டுங்கள், கம்ப்ரசர் ஓடும் நேரம் குறையும். காற்று நேராகச் செடி மேல் அடிக்காமல் லூவரை (காற்றைத் திருப்பும் தகடு) மேலே திருப்பி வையுங்கள். உங்கள் படத்தில் மேல் தட்டுச் செடிகள்தான் அதிகம் காய்ந்திருக்கின்றன, கவனித்தீர்களா?

வெட்டிவேர் | மே 11, காலை 11:48

எல்லோரும் ஏசியைப் பற்றியே பேசுகிறீர்கள். மயிலாப்பூரில் எங்கள் பாட்டி வீட்டில் கோடையில் வாசலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். அறை குளிரும், ஈரமும் இருக்கும், வாசனையும் வரும். செடிகளுக்கு அதைச் செய்தால் என்ன? ஏர் கூலரும் அதே வேலையைத்தானே செய்கிறது?

ஓய்வு ஆசிரியர் | மே 11, பகல் 12:30

நல்ல கேள்வி. தட்டி குளிர்வதற்குக் காற்று வறண்டிருக்க வேண்டும். சென்னையில் கடல் காற்று வரத் தாமதமாகி, மேற்கிலிருந்து அனல் அடிக்கும் மதியங்களில் தட்டி அருமையாக வேலை செய்யும். கடல் காற்று திரும்பியதும் காற்றே ஈரமாகிவிடும், அப்புறம் தட்டியில் தண்ணீர் ஆவியாகாது, அறை புழுங்கும். கூலருக்கும் இதே கதைதான். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது, இரண்டுக்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடின ஏசி அறையில் கூலர் வைத்தால் அதுவும் இன்னொரு ஹியூமிடிஃபையர்தான், தண்ணீர் வாளிக்குப் போகும்.

ஆனால் உங்கள் யோசனையில் ஒரு பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. பாம்புச்செடி, மணிபிளான்ட், அக்லோனிமா இதற்கெல்லாம் ஏசியே வேண்டாம். வெட்டிவேர்த் தட்டி போட்ட வராந்தா போதும்.

தாம்பரம் ஆர்கிட் | மே 11, மாலை 4:10

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அறுபது தொட்டியில் ஈரம் கேட்பது எத்தனை, அக்கா? அவற்றுக்கு மட்டும் பாருங்கள். முழு அறையையும் காடாக்க வேண்டியதில்லை.

காயில் வேலை அண்ணன் சொன்ன 26 பற்றி ஒரு எச்சரிக்கை. சூடு ஏறினால் காற்றின் தாகமும் ஏறும். ஈரப்பத சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். விபிடி என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஆர்கிட் வளர்ப்பவர்கள் அதைத்தான் பார்ப்போம். இலையிலிருந்து தண்ணீரைக் காற்று எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதற்கு ஒரு எண், கிலோபாஸ்கலில். 24 டிகிரி, 43% என்றால் 1.7. 28 டிகிரி, 60% என்றால் 1.5. மீட்டரில் 17 ஏறியும் செடிக்குக் கிடைத்த நிம்மதி ரொம்பக் கொஞ்சம். இலைச்செடிகளுக்கு 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஏசியை மாற்றுவது முதல் படி, அதோடு நிற்கக் கூடாது.

திசு வளர்ப்பு | மே 11, இரவு 9:36

செங்குன்றம் பக்கம் ஒரு நர்சரியில் திசு வளர்ப்புக் கன்றுகளை (ஆய்வகத்தில் பாட்டிலுக்குள் வளர்த்தவை) வெளிக்காற்றுக்குப் பழக்கும் பகுதியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குத் தினமும் இதே பிரச்சினைதான், இன்னும் கடுமையாக. பாட்டிலிலிருந்து எடுத்த கன்றுக்கு இலை மேல் மெழுகுப் பூச்சு சரியாக இருக்காது, இலைத் துளைகளை மூடவும் தெரியாது. திறந்த அறையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டு விழுந்துவிடும். 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

அதற்காக நாங்கள் அறை முழுக்கப் பனி மூட்டுவதில்லை. ரேக்கைச் சுற்றிப் பாலித்தீன் கூடாரம் கட்டுகிறோம். ஏசி வெளியே உள்ள அறைக் காற்றைக் குளிர்விக்கும். கூடாரத்துக்கு உள்ளே இருக்கும் சூடு மெல்லிய ஷீட் வழியாக வெளியே போய்விடும், ஈரம் போகாது. உள்காற்று காயிலைத் தொடவே தொடாது என்பதுதான் முக்கியம். செடியே உள்ளே ஈரத்தை உண்டாக்கிக் கொள்ளும். நாம் ஊற்றுகிற தண்ணீரில் பெரும்பகுதியை இலை வழியாக ஆவியாகத்தான் விடுகிறது. அந்த ஆவி ஓடிப்போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஹியூமிடிஃபையரே தேவைப்படாது.

கட்டும்போது சில விஷயம் கவனிக்க வேண்டும். ட்யூப்கள் ஷீட்டுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் அடுப்பாகிவிடும். மேல்கூரை தட்டையாக வேண்டாம், ஒரு பக்கம் சரிவாகக் கட்டுங்கள். உள்ளே வியர்த்து நிற்கும் சொட்டு ஓரமாக வழிய வேண்டும், இலை மேல் விழக் கூடாது. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, 12 வோல்ட், மெதுவாக, செடி மேல் நேராக அடிக்காமல் ஷீட்டைப் பார்த்து வையுங்கள். காற்று அசையாத கூடாரம் பூஞ்சைக் கூடாரம்.

கொளத்தூர் தொட்டி | மே 11, இரவு 10:05

ஷீட் கட்ட வசதி இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. எங்கள் கொளத்தூரில் மீன் தொட்டிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஓரம் கீறல் விழுந்த, தண்ணீர் ஒழுகும் தொட்டி மலிவாகக் கிடைக்கும். மீனுக்கு ஆகாது, செடிக்கு அருமை. அடியில் ஈரமான பாசி போட்டு, மேலே கண்ணாடியை ஒரு விரல் இடைவெளி விட்டு மூடினால் 80க்குக் குறையாது. சின்னப் பெரணி, ஆந்தூரியம் நாற்று இரண்டும் எனக்கு அதில்தான் வளர்கின்றன.

அம்பத்தூர் ஆந்தூரியம் | மே 12, காலை 7:55

கூடாரம் கட்டுங்கள், ஆனால் என் அனுபவத்தையும் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். இரண்டு வருடம் முன்பு நானும் கட்டினேன். ஈரம் 90-ஐத் தொட்டதும் அவ்வளவு சந்தோஷம். ஃபேன் வைக்கவில்லை, திறந்து விடவும் இல்லை. ராத்திரி விளக்கு அணைந்ததும் இலை மேலெல்லாம் பனி மாதிரி ஈரம் நிற்கும், காலையில் அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். பத்தாவது நாள் ஒரு ஆந்தூரியம் இலையில் தண்ணீர் ஊறின மாதிரி கரும்பச்சைப் புள்ளி வந்தது, மஞ்சள் வளையத்தோடு. ஒரு வாரத்தில் பக்கத்துச் செடிக்குப் போய்விட்டது. பதினோரு செடிகளைப் பையில் கட்டி எறிந்தேன். அம்மா கொடுத்த தாய்ச் செடியும் அதில் ஒன்று.

65லிருந்து 75 போதும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். மாலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விளக்கு அணைவதற்கு முன் அரை மணி நேரம் ஷீட்டைத் தூக்கி விடுங்கள். காலையில் இலை உலர்ந்திருக்க வேண்டும், அதுதான் அளவுகோல்.

மடிப்பாக்கம் மாடி | மே 12, காலை 8:30

அம்பத்தூர் அக்கா, படிக்கவே கஷ்டமாக இருந்தது. கட்டாயம் ஃபேன் வைக்கிறேன்.

எண்ணிப் பார்த்தேன். உண்மையாகவே ஈரம் கேட்கிற செடிகள் 18தான். மற்ற 42-ஐ இன்று மாலையே வராந்தாவுக்கு மாற்றுகிறேன்.

கிணத்துத் தண்ணி | மே 12, காலை 10:14

ஒருவரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லையே. சுருள்வது வறட்சியால், ஒப்புக்கொள்கிறேன். ஓரம் பழுப்பாவது? அதற்கு உப்பும் காரணமாக இருக்கலாம். ஹியூமிடிஃபையர் வெள்ளையாகக் கக்கியது எது? நீங்கள் ஊற்றிய தண்ணீரில் இருந்த சுண்ணாம்பும் உப்பும்தான். ஆவியாகிப் போகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், அல்ட்ராசோனிக் அப்படியில்லை, தண்ணீரைத் துளியாக உடைத்து உப்போடு சேர்த்து வீசும். அதே தண்ணீரைத்தானே தொட்டிக்கும் ஊற்றுகிறீர்கள்?

போர் தண்ணீரா? டிடிஎஸ் மீட்டர் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) ரிச்சி தெருவில் கிடைக்கும், ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். ஏசி வாளித் தண்ணீரையும் அளந்து பாருங்கள்.

மடிப்பாக்கம் மாடி | மே 13, இரவு 7:45

மீட்டர் வாங்கி அளந்தேன். போர் தண்ணீர் 1,140. ஏசி தண்ணீர் 17. என் கண்ணையே நம்ப முடியவில்லை, மூன்று தடவை கழுவி அளந்தேன்.

கலாத்தியா தொட்டி ஒன்றின் மேல்மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் பெயர்த்தால் உப்பு பொரிந்த மாதிரி உதிர்கிறது. இரண்டு வருடமாக இதைத்தான் ஊற்றியிருக்கிறேன்.

கிணத்துத் தண்ணி | மே 13, இரவு 8:20

ஏசி தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், அருமையான தண்ணீர். முதல் தடவை ஒவ்வொரு தொட்டிக்கும் அதன் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி, அடியில் முழுக்க வடிய விடுங்கள். தேங்கியிருக்கும் உப்பு கழுவிப் போகும். தட்டில் வடிந்ததை உடனே கொட்டிவிடுங்கள். அதில் உப்பு எதுவும் இல்லாததால் சத்தும் இல்லை, அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உரத்தைப் பாதி அளவில் கலந்து கொடுங்கள்.

ஹியூமிடிஃபையரில் மட்டும் அந்தத் தண்ணீர் வேண்டாம். காயில் மேல் தூசியும் வழவழப்பும் இருக்கும், அதில் வளர்வதைத் துளியாக்கி நாமே சுவாசிப்பது நல்லதில்லை. இனி அந்த மெஷின் உங்களுக்குத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். தேவைப்பட்டால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, தினமும் டேங்கைக் கழுவுங்கள்.

பச்சை விரல் | மே 13, இரவு 9:02

நான் முதலில் சொன்ன யோசனை தவறு என்று புரிந்தது, மன்னிக்கவும் அக்கா. ஒன்று கேட்கிறேன், இலைக்கு அடியில் பார்த்தீர்களா? வறண்ட அறையில் செஞ்சிலந்திப் பேன் சீக்கிரம் பெருகும். என் மணிபிளான்டில் போன மாதம் பார்த்தேன். வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் மிளகுத் தூள் மாதிரி விழும். அந்தத் தூள் நகர்ந்தால் பேன்தான்.

மடிப்பாக்கம் மாடி | மே 14, காலை 6:55

பச்சை விரல், நீ கேட்டது எவ்வளவு நல்லதாயிற்று தெரியுமா! இரண்டு கலாத்தியாவில் இருக்கிறது. தாளில் விழுந்த புள்ளிகளில் நாலைந்து மெதுவாக ஊர்ந்தன. காம்பும் இலையும் சேரும் இடத்தில் மெல்லிய நூலாம்படை. நான் அதைத் தூசி என்று நினைத்திருந்தேன்.

இரண்டையும் குளியலறைக்குக் கொண்டுபோய் இலைக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். கூடாரத்துக்குள் விடப் போவதில்லை, தனியாக வைத்திருக்கிறேன்.

தாம்பரம் ஆர்கிட் | மே 14, காலை 7:30

நல்ல முடிவு. மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள், மூன்று வாரம் விடாமல். முட்டை பொரிந்துகொண்டே இருக்கும். வேப்பெண்ணெய் என்றால் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, விளக்கு அணைத்த பிறகு. முதலில் ஒரு இலையில் மட்டும் அடித்துப் பாருங்கள், கலாத்தியா இலை மென்மையானது.

மடிப்பாக்கம் மாடி | ஜூன் 3, இரவு 9:40

எல்லோருக்கும் தகவல் சொல்லாமல் இருக்கக் கூடாது. இருபது நாள் ஆகிவிட்டது.

பாரிமுனையில் 200 மைக்ரான் தெளிவான ஷீட் வாங்கி, ஒரு ரேக்கைச் சுற்றி மட்டும் கட்டினேன். முன்பக்கம் இரண்டு துண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி, காந்தப் பட்டை ஒட்டி. கூரை பின்பக்கம் சரிவு. ட்யூப்கள் வெளியே, கம்ப்யூட்டர் ஃபேன் உள்ளே. ஏசி 25, கூல் மோட், ஃபேன் ஹை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே வெட்டிவேர்த் தட்டி கட்டியிருக்கிறேன், வெட்டிவேர் அவர்களுக்கு நன்றி. மதியம் அறைக்குள் போனாலே வாசனை.

கூடாரத்துக்குள் விளக்கு எரியும்போது 27 டிகிரி, 70 சதவீதம். இது மீட்டர் பிழையைச் சரி செய்த பிறகு. விபிடி 1.07 வருகிறது என்று சார் தனிச்செய்தியில் கணக்குப் போட்டு அனுப்பினார். ஹியூமிடிஃபையரை ஒரு நாள்கூடப் போடவில்லை, தண்ணீர் ஊற்றுவதோடு சரி. வெளியே அறையில் 48. வாளியில் இப்போது ராத்திரிக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும்தான் வருகிறது, அது அப்படியே 18 தொட்டிக்கும் போகிறது.

பழைய இலைகளின் ஓரம் பழுப்பாகவே இருக்கிறது, அது திரும்பாது என்று தெரியும். ஆனால் போன வாரம் கலாத்தியா ஒன்றில் புதுக் குருத்து வந்தது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். திங்கட்கிழமை பாதி விரிந்திருந்தது, அடிப்பக்கம் கருஞ்சிவப்பு, மேலே இளம்பச்சைக் கோடுகள். செவ்வாய்க்கிழமை முழுதாக விரிந்துவிட்டது. நுனி வரைக்கும் பச்சை. ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், மெத்தென்று ஈரத் துணி மாதிரி இருந்தது. ஒன்றரை வருடத்தில் இந்தச் செடியில் இப்படி ஒரு இலையை நான் பார்த்ததே இல்லை.

பேன் வந்த இரண்டில் ஒன்று பிழைத்தது, ஒன்று போய்விட்டது.

ஓய்வு ஆசிரியர் | ஜூன் 3, இரவு 10:10

மிக்க மகிழ்ச்சி அம்மா. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் ஏசி நின்றுவிடும், வெளிக்காற்றே ஈரமாக இருக்கும். அப்போது ஷீட்டைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். மறந்தால் அம்பத்தூருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும். சுவரிலும் பூஞ்சை பிடிக்கும்.

திசு வளர்ப்பு | ஜூன் 3, இரவு 10:48

நீங்கள் விற்பதாகச் சொன்னீர்கள், அதனால் ஒன்று. 70-ல் வளர்ந்த செடியைக் கூடாரத்திலிருந்து எடுத்து நேராக ஒருவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் வீட்டிலும் ஏசி படுக்கையறை இருக்கும், 45-ல் போய் நிற்கும், இரண்டு நாளில் சுருளும். நாங்கள் பாட்டில் கன்றுகளுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு ஷீட்டைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குகிறோம். உங்களுடையது வளர்ந்த செடி, பத்து நாள் போதும். முதல் மூன்று நாள் ஷீட் ஓரத்தில் திறப்புப் பக்கம், அப்புறம் வெளி ரேக்கில் கீழ்த் தட்டு.

மடிப்பாக்கம் மாடி | ஜூன் 4, காலை 6:30

இது எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. போன வருடம் என்னிடம் வாங்கின இரண்டு பேர் செடி வாடிவிட்டது என்று சொன்னார்கள், தண்ணீர் சரியாக ஊற்றவில்லை போல என்று நினைத்துவிட்டேன். அவர்கள் இருவருக்கும் இன்று போன் செய்கிறேன். வேளச்சேரி ஆர்டர் மூன்று இந்த ஞாயிற்றுக்கிழமை தருவதாக இருந்தது, அதை 15-ம் தேதிக்குத் தள்ளிவைக்கிறேன். இப்போதுதான் மூன்றையும் எடுத்துத் திறப்புப் பக்கம் வைத்துவிட்டு வந்தேன்.